மூன்றாவது இழுப்பு

படகில் இருந்தது மூன்றே பேர். அதில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது ஆளான பாப்பா, இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் அண்ணன் என்று நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

"பாப்பா, உன் வீட்டுக்காரரை பெல்ட்டைச் சரியா மாட்டச் சொல்லு" என்றார் அண்ணன்.

வீட்டுக்காரர் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நான் பெல்ட் மாட்டிப் பழகி ரொம்ப வருஷம் ஆச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நான் என்ன தபால்காரியா?" என்று வெடித்தாள் பாப்பா.

பாப்பா என்றதும் சின்னக் குழந்தை என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டிய, கம்ப்ரசரைத் தனி ஆளாகத் தூக்கி வைக்கிற பொம்பளை. அண்ணன் வாயில் இன்னும் பாப்பாதான். அதைக் கேட்டுக் கேட்டுத் துறைமுகத்துக்கே பாப்பா ஆகிவிட்டாள்.

கணவர் டைவர். கடலுக்கடியில் குழாய், கேபிள், தூண் எதுவானாலும் இறங்கிப் பார்ப்பவர். அவருக்கு மேலிருந்து ஹோஸ் வழியாகக் காற்று அனுப்பும் வேலை பாப்பாவுடையது. இந்த வீட்டில் மனைவி கோபித்துக்கொண்டால் சாப்பாடு மட்டும் இல்லை, மூச்சும் நின்றுபோகும் என்று துறைமுகத்தில் கேலி பேசுவார்கள்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நடந்த கூத்துதான் இந்தப் பேசாமைக்குக் காரணம். ஊரின் துறைமுகத்தைப் புகையில்லாத துறைமுகமாக்குவது என்று முடிவெடுத்து, பயணிகள் படகுகள் எல்லாவற்றையும் பேட்டரிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் படகுகளுக்கெல்லாம் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தது அண்ணனின் பார்ஜ், அதாவது எண்ணெய்த் தொட்டி வைத்த தட்டைப் படகு. இப்போது அது கரையோரம் சும்மா கட்டிக் கிடக்கிறது. சார்ஜ் ஏற்றும் கேபிளைக் கடலடியில் போட்டது யார்? சாட்சாத் பாப்பாவின் வீட்டுக்காரர்.

"என் பிழைப்புல மண்ணைப் போட்டதே என் சொந்த மாப்பிள்ளைதான்" என்றார் அண்ணன்.

பாப்பாவின் வீட்டுக்காரர் அதோடு விட்டிருக்கலாம். "உங்க பார்ஜ் நின்ன பிறகுதான் மச்சான், தண்ணி தெளிஞ்சு அடியில என் கையே எனக்குத் தெரியுது" என்று சொல்லித் தொலைத்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோன அண்ணன், அதற்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்படியிருந்தும் இன்று காலை அவர் படகில் வந்து நிற்கிறார் என்றால், காரணம் சோடாபுட்டியின் காய்ச்சல். வழக்கமாகக் கயிறு பிடிக்கிற ஆள் அவன்தான். டைவரின் இடுப்பிலிருந்து மேலே வரும் உயிர்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே ஏதாவது ஆனால் தானும் இறங்கத் தயாராக, பாதி உடுப்போடு உட்கார்ந்திருப்பான். இன்று எழுந்திருக்கவே முடியவில்லை என்று அவன் மனைவி போன் செய்தாள்.

அதே நேரத்தில் கடல்நீர் நிலையத்திலிருந்து இன்னொரு போன். கரையிலிருந்து தள்ளி, ஆழத்தில் சில்லென்று கிடக்கும் தண்ணீரை ஒரு பெரிய குழாயில் இழுத்து, அதன் குளிர்ச்சியை மட்டும் வாங்கிக்கொண்டு தண்ணீரைத் திருப்பி விடுகிற நிலையம் அது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரி முழுவதும் அதில்தான் குளிர்கிறது. மாடியில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த பழைய ஏசி இயந்திரங்களை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் அறைகளுக்கு மட்டும் அவசரத்துக்கென்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழாயின் வாயில் போட்டிருந்த இரும்புக் கம்பி வலையைச் சிப்பி அடைத்துவிட்டது. தண்ணீர் சுத்தமானதால் வந்த வினை! எண்ணெயும் சாக்கடையும் நின்றதும், எங்கோ ஓடிப்போயிருந்த சிப்பியெல்லாம் திரும்பி வந்து, முதல் வேலையாகக் குழாயின் வாயிலேயே குடித்தனம் வைத்துவிட்டன. மருந்து ஊற்றிக் கொல்லக் கூடாது; அது மொத்தக் கடலுக்கும் விஷம். கையால் சுரண்டித்தான் ஆகவேண்டும்.

"கயிறு பிடிக்க ஆள் இல்லாம நான் இறங்க மாட்டேன். நீயும் விட மாட்டே" என்றார் கணவர்.

பாப்பா யோசிக்கவேயில்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள். பார்ஜ் வாங்குவதற்கு முன்னால் அண்ணனும் கணவரும் ஒன்றாக டைவ் அடித்தவர்கள்தான். விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கமிருந்து ஒரே கேள்வி. "எந்தப் படகுத்துறை?"

வந்துவிட்டார், தன் பழைய டைவிங் உடுப்போடு. அதற்குள் நுழைய அவர் பட்ட பாட்டைப் பார்த்துப் பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சும்மா கிடந்து கிடந்து உடுப்பு சுருங்கிப்போச்சு" என்றார் அண்ணன்.

"உடுப்பு சுருங்கலை அண்ணே."

முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! ஆனால் திரும்பினால்தானே? வீம்பு.

குழாயில் தண்ணீர் இழுக்கும் பம்ப்பை நிலையத்து ஆட்கள் நிறுத்தி, அதன் சுவிட்சைப் பூட்டி, சாவியைப் பாப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்கள். டைவர் மேலே வரும்வரை சாவி அவள் கழுத்தில்தான் தொங்கும். யார் வந்து கேட்டாலும் கிடைக்காது.

கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். நீர்க்குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே வந்தன. அண்ணன் கயிற்றை விரல்களுக்கிடையில் ஓடவிட்டு, கணவர் அடியைத் தொட்டதும் ஒரு முறை இழுத்தார்.

ஒரு இழுப்பு என்றால், 'நல்லா இருக்கியா?' கீழே இருப்பவர் பதிலுக்கு ஒரு முறை இழுத்தால், 'நல்லா இருக்கேன்'. டைவரின் ஹெல்மெட்டுக்குள் போன் வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை யாரும் விடவில்லை. போன் பழுதாகும், கயிறு ஆகாது.

கயிறு அசையவில்லை. அதற்குப் பதிலாக ஸ்பீக்கர் பெட்டி கரகரத்தது.

"நான் நல்லாத்தான் இருக்கேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு."

"கயித்துல கேட்டா கயித்துல பதில் சொல்லணும்னு அவர்கிட்ட சொல்லு" என்றார் அண்ணன்.

"வேலையை முடிச்சுட்டுப் பேசுறேன்னு சொல்லு" என்றது பெட்டி. அப்புறம் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். கடலுக்கடியில் போயும் இந்த மனிதருக்குக் கோபம் கரையவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. அண்ணி. அந்த ஆஸ்பத்திரியிலேயே, பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ்.

"பாப்பா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? இங்க ஜன்னலே திறக்க முடியாது. குறைமாசத்துல பிறந்ததுங்க ரெண்டு இருக்கு, உடம்பு அனலா கொதிக்குது. ஈரத் துணியை வெச்சுக்கிட்டு நாங்க ஓடிக்கிட்டே இருக்கோம்."

"இறங்கிட்டார் அண்ணி. பாதி சுரண்டியாச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"அவர் கையில இருக்கும்மா எல்லாம்" என்று சொல்லிவிட்டு அண்ணி வைத்துவிட்டாள். தன் புருஷன்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. இந்தக் குழாய் வேலையைக் கையாலும் தொடமாட்டேன் என்று சபதம் போட்டவராயிற்றே! பாப்பாவும் சொல்லவில்லை.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கயிற்றை ஒரு முறை இழுத்தார்.

பதில் இல்லை.

"வீம்பு பிடிச்ச மனுஷன்" என்று முணுமுணுத்தார்.

பாப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. பெட்டியில் சுரண்டும் சத்தம் நின்றிருந்ததைக் கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுரண்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளுகிறார் என்று நினைத்தாள். அவற்றைத் தூக்கிப் போடுவது கிடையாது; அலைத் தடுப்புச் சுவரில் தொங்கவிட்ட கயிறுகளில் கொண்டுபோய் ஒட்டவைப்பார்கள். தண்ணீரை வடிகட்டிச் சுத்தம் செய்கிற வேலையை அங்கே இருந்துகொண்டு அவை பார்க்கும்.

அண்ணன் இரண்டாவது முறை இழுத்தார். பதில் இல்லை.

"என்னங்க, கயித்துக்குப் பதில் சொல்லுங்க. குழந்தை மாதிரி பண்ணாதீங்க" என்று பொத்தானை அழுத்திச் சொன்னாள் பாப்பா. பெட்டி ஊமையாக இருந்தது.

"விடு பாப்பா. என் கையால இழுத்தா அவருக்கு ஆகாது. நீ இழுத்துப் பாரு" என்றார் அண்ணன். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"இல்லண்ணே. நீயே மூணாவது தடவை இழு."

இழுத்தார். கயிறு அப்படியே கிடந்தது.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? அவர் வீம்பு இரண்டு தடவைக்குத்தான். சாப்பிட வாங்க என்றால் முதல் தடவை காதில் விழாது. இரண்டாவது தடவை முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாவது தடவை கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அது மாறியதே இல்லை.

"அண்ணே, இது வீம்பு இல்லே. மூணாவது தடவைக்கு அவர் பதில் சொல்லாம இருக்கவே மாட்டார்!"

அண்ணன் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தார். "கயிறு எங்கேயோ மாட்டி நசுங்கிக் கிடக்கு. நான் இழுத்தது எதுவும் அவர்கிட்ட போய்ச் சேரவே இல்லை."

பாப்பா குமிழிகளைப் பார்த்தாள். கொத்துக் கொத்தாக வந்தவை ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தன. காற்றை அளக்கும் கேஜின் முள் தப்பான பக்கம் நகர்ந்தது. ஹோஸும் நசுங்கியிருக்கிறது! காற்றழுத்தத்தைக் கூட்டினாள். டைவரின் முதுகில் ஒரு சின்ன சிலிண்டர் உண்டுதான். ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

அவள் திரும்புவதற்குள் அண்ணன் சிலிண்டரை முதுகில் ஏற்றி முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தார். தன் இடுப்புக் கயிற்றின் நுனியை அவள் கையில் திணித்தார்.

"அண்ணே, எத்தனை வருஷமாச்சு நீ இறங்கி..."

"என் தங்கச்சி புருஷன்டி" என்றார். குதித்துவிட்டார்.

ஒரு கையில் அண்ணனின் கயிறு. இன்னொரு கை, கணவருக்குக் காற்று போகும் வால்வின் மேல். 'ரெண்டு பேரும் வரட்டும். ஆயுசுக்கும் சண்டை போட்டுக்கட்டும், நானே தபால்காரியா இருந்துட்டுப் போறேன். வந்தா போதும்' என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க ஆள் இல்லை.

கயிறு ஓடியது. நின்றது. மறுபடி வெடுக்கென்று ஓடியது.

பெட்டி கரகரத்தது. யாரோ மூச்சிரைக்கும் சத்தம். பிறகு 'டங்' என்று ஒரு இடி. பாப்பாவுக்கு அது என்னவென்று தெரியும். போன் இல்லாத டைவர், தன் முகமூடியை இன்னொருவர் ஹெல்மெட்டோடு ஒட்டவைத்துக் கத்தினால் குரல் உள்ளே போகும். பழைய ஆட்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

கணவரின் ஹெல்மெட் வழியாக, அவருடைய மைக்கில், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அண்ணனின் குரல் கேட்டது.

"மாப்ள! மூணு தடவை கேட்டேனே மாப்ள... நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் மச்சான்" என்றது கணவரின் குரல். "நீங்க கேட்டது எனக்கு வந்து சேரலை. நானும் இழுத்து இழுத்துப் பார்த்தேன்."

பாப்பா வால்வைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். தபால்காரிக்கு வேலை போய்விட்டது.

நடந்தது இதுதான். சிப்பி நிறைந்த கூடையின் கொக்கி கழன்று, கூடை அப்படியே சாய்ந்து, கயிறு, ஹோஸ், போன் வயர், அவருடைய ஒரு கால் எல்லாவற்றையும் கம்பி வலையோடு சேர்த்து அமுக்கிவிட்டது. ஒருவரால் நகர்த்த முடியாத பாரம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மூச்சுப் பிடித்ததும் நகர்ந்தது; போனுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

"மேல வாங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினாள்.

"மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு. மச்சானும் ஒரு பக்கம் சுரண்டினா ஆச்சு. ஆஸ்பத்திரியில குழந்தைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்கன்னு மச்சான் சொன்னார்" என்றார் கணவர்.

"காலு?"

"வீங்கியிருக்கு. உடையலை."

திட்டலாமா, கும்பிடலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. வேலை முடியும்வரை இரண்டு பேரின் பேச்சையும் பெட்டி வழியாகக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "அந்த மூலையை விடாதே மாப்ள." "உங்க தொப்பை விளக்கை மறைக்குது மச்சான்." உலகத்தில் இதைவிட நல்ல பேச்சு இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு பேரும் மேலே வந்ததும், கழுத்துச் சாவியைக் கழற்றி, இன்னொரு படகில் வந்து காத்திருந்த நிலையத்து ஆளிடம் கொடுத்தாள். கரையில் பம்ப் உறுமிக்கொண்டு கிளம்பியது.

கணவர் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி முதல் கோப்பையை அவரே எடுத்து மச்சானிடம் நீட்டினார். "நான் அடியில இறங்கினதும் நீங்க இழுத்தப்பவே, கயித்துல நான் பதில் கொடுத்திருக்கணும். கொடுத்துப் பழக்கியிருந்தா, பதில் வராதப்ப உங்களுக்கு உடனே சந்தேகம் வந்திருக்கும். தப்பு என்னுதுதான்."

"வீம்புன்னு நினைச்சு நான் நின்னேனே, அது?" என்றார் அண்ணன்.

"கண்ணு ரெண்டையும் துடைங்க ரெண்டு பேரும். பார்க்க சகிக்கலை" என்றாள் பாப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

போன் அடித்தது. அண்ணிதான்.

"பாப்பா! காத்து சில்லுனு வர ஆரம்பிச்சுடுச்சு. அந்தச் சின்னது ரெண்டும் அழுகையை நிறுத்திட்டுத் தூங்குது. உங்க வீட்டுக்காரருக்குக் கோடிப் புண்ணியம்னு சொல்லு. ஆமா, சோடாபுட்டிக்குக் காய்ச்சலாமே, யாரு கயிறு பிடிச்சா?"

"தெரிஞ்ச ஆள்தான் அண்ணி. தொப்பை கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா தங்கமான கை. இன்னிக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரும், நீங்களே விசாரிச்சுக்கோங்க."

அண்ணன் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறாள். அவளுக்கு இந்தக் கடலுக்கு, கயிற்றுக்கு, சோடாபுட்டியின் காய்ச்சலுக்குக் கூட நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

"மாப்ள சொன்னது நிஜம்தான் பாப்பா" என்றார் அண்ணன். "அந்தக் காலத்துல நாங்க ரெண்டு பேரும் கீழே தடவித் தடவித்தானே வேலை பார்த்தோம்? இன்னிக்கு என் கை எனக்குத் தெரிஞ்சுது. வலையில மீன் குஞ்சுங்க கூட மொய்ச்சுக்கிட்டு நிக்குது. அன்னிக்குத் தட்டை விட்டு எழுந்திருச்சிருக்கக் கூடாது."

"ராத்திரி வந்து மீதியைச் சாப்பிடுங்க மச்சான்."

அப்போதுதான் பாப்பா கவனித்தாள். அண்ணன் டீயை இடது கையால் குடிக்கிறார். வலது கையை மேலே வந்ததிலிருந்து மூடியே வைத்திருக்கிறார்.

"கையில என்ன அண்ணே? அடிபட்டுடுச்சா?"

அண்ணன் கையை விரித்தார். உள்ளங்கை முழுக்கக் கருப்பாக, பிசுபிசுவென்று எண்ணெய்.

"ஏணியைப் பிடிச்சு ஏறும்போது ஒட்டிச்சு. தண்ணி மேல மிதந்து வருது" என்றார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "டீசல் தொட்டியோட அடிக்கசடு. இந்த வாடை எனக்குத் தெரியாதா?"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சற்றுத் தள்ளி, கரையோரம், அண்ணனின் பார்ஜ் சாதுவாக மிதந்துகொண்டிருந்தது. அலை அங்கிருந்து இங்கேதான் வந்தது, குழாய் இருக்கும் பக்கமாக.

"ஒழுகுதுன்னு துறைமுக ஆபீசுக்குச் சொன்னா பார்ஜை உடைச்சுடுவாங்க அண்ணே" என்றாள் பாப்பா மெதுவாக. என்றாவது ஒரு நாள் அதை ஓட்டுவோம் என்றுதான் அண்ணன் தினமும் போய் அதைத் துடைத்துவிட்டு வருகிறார். அது எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் பார்ஜைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"உடைக்கட்டும். நீ இப்பவே போன் பண்ணு, எண்ணெயைத் தடுக்கிற மிதவையைக் கொண்டுவரச் சொல்லு. அவங்க வர்றதுக்குள்ள எங்க ஒழுகுதுன்னு பார்த்து நான் அடைச்சாகணும்." மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். இந்த முறை நேராகவே கேட்டார். "காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்த இடத்துலயே கயிறு பிடிப்பியா மாப்ள?"

கணவர் கயிற்றின் நுனியை எடுத்து, மச்சானின் இடுப்புப் பெல்ட்டில் மாட்டி, ஒரு முறை இழுத்தார்.

அண்ணன் பதிலுக்கு ஒரு முறை இழுத்தார்.

பாப்பா ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு, படகைப் பார்ஜின் பக்கம் திருப்பினாள். கிட்டே போகப் போகத் தண்ணீரின் மேல் கருப்பு அகலமாகிக்கொண்டே வந்தது.